பெயர் சொல்லாத மருந்தும் 60 போத்தல்களும்

மூன்றாம் நாள் காலை வளர்ப்பறைக் கதவைத் திறந்தபோது, என்னுடைய 60 போத்தல்களில் 57-இல் பஞ்சு முளைத்திருந்தது. வெள்ளைப் பஞ்சு, பச்சைப் பஞ்சு, இரண்டு மூன்றில் கரிப் பொடி தூவியதுபோல் கறுப்பு. எல்லாம் பூஞ்சணம். நான் நட்டு வைத்த வசம்புத் துண்டுகள் அதற்குள் எங்கோ புதைந்து கிடந்தன.

ஆய்வுக்கூட உதவியாளரான மலாய் அக்காளை நாங்கள் எல்லோரும் ‘கக்’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இந்த ஜெராங்காவை எங்கேயிருந்து எடுத்து வந்தாய்?” என்று கேட்டார். வசம்புக்கு மலாயில் ஜெராங்காவ் என்று பெயர்.

“எங்கள் பாட்டி வீட்டு லோங்காங் ஓரத்தில்.”

“சரிதான். லோங்காங்கையும் சேர்த்தே கொண்டு வந்திருக்கிறாய்” என்றார்.

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. இறுதியாண்டு ஆய்வுக்கு இருந்தது இரண்டு செமஸ்டர். அதில் ஐந்து வாரம் ஊடகம் கலக்கப் பழகியதிலேயே போய்விட்டது.

மாணவர்களே, ‘திசு வளர்ப்பு’ என்ற சொல்லைப் பாடநூலில் இரண்டு வரியில் படித்திருப்பீர்கள். செடியின் சிறு துண்டை எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் வைத்தால் ஆயிரம் செடி கிடைக்கும் என்று அங்கே இருக்கும். நானும் அப்படித்தான் நம்பிப் போனேன். போத்தலுக்குள் என்ன நடந்தது, அதைவிட முக்கியமாக எந்தச் செடியை நான் உள்ளே வைத்தேன் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், செம்பனைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவர் என் அம்மா. லயத்துக்குப் பின்னால் எப்போதும் ஈரம் காயாத கால்வாய் ஓரத்தில் பாட்டி ஒரு புதர் வளர்த்தார். வாள்போல நீண்ட இலை, கசக்கினால் மூக்கைத் துளைக்கும் மணம். அதன் பெயரைப் பாட்டி இரவில் சொல்ல மாட்டார், பகலிலும் பெரும்பாலும் ‘பேர் சொல்லாதது’தான். ஊரில் பிள்ளை வளர்ப்பான் என்றும் சொல்வார்கள். பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து யாராவது வந்து கேட்டால், ஒரு துண்டு காய்ந்த கிழங்கு கொடுப்பார். அதை விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் உரசி, குழந்தையின் நாக்கில் ஒரு தடவு. வயிற்றுப் பொருமலுக்கு அதுதான் முதல் மருந்து.

லயங்கள் இடிக்கப்பட்டு, பாட்டி தாமானில் ஒரு மலிவுவிலை வீட்டுக்குப் போனபோது பழைய புதர் மண்ணோடு மண்ணாகிவிட்டது. ஒரு கொத்தை மட்டும் பெயிண்ட் டின்னில் வைத்துக் கையோடு எடுத்துச் சென்று, சிமெண்டு போட்ட பின்கட்டில் லோங்காங் ஓரமாக நட்டார். அந்த ஒரு கொத்துதான் மிச்சம். அக்காள் கர்ப்பமாக இருந்த சமயம் அது. “இதைப் பெருக்கிக் குடுக்க முடியுமா உங்க காலேஜுல?” என்று பாட்டி கேட்டார். எனக்கும் ஆய்வுக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது.

வசம்பை ஏன் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போக வேண்டும், கிழங்கை வெட்டி நட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதும்தான், ஆனால் மெதுவாக நடக்கும். வசம்பில் மும்மடிக் குரோமோசோம் கொண்ட வகை விதையே கொடுக்காது. அதன் வம்சம் முழுக்கக் கிழங்கால்தான். ஒரு கொத்திலிருந்து ஆண்டுக்குச் சில துண்டுகள் கிடைக்கும். கச்சோலம், இஞ்சி, மஞ்சள் போன்ற கிழங்கு மருந்துச் செடிகளுக்கும் இதே சங்கடம் உண்டு. அவற்றில் கிழங்கோடு சேர்ந்து நோயும் அடுத்த தலைமுறைக்கு இறங்கும்.

செடியின் ஒவ்வொரு உயிரணுவிலும் முழுச் செடிக்கான திட்டம் இருக்கிறது, அதைத் தனியே எடுத்து வளர்க்க முடியும் என்ற எண்ணத்தை 1902-இல் முன்வைத்தவர் ஆஸ்திரிய அறிஞர் ஹாபர்லாண்ட். அவர் எடுத்த உயிரணுக்கள் சில வாரம் உயிரோடு இருந்தன, பிரியவே இல்லை. என்ன உணவு கொடுப்பது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 1941-இல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தையின் இளங்கருக்களை வளர்க்கப் பயன்படுத்திய பொருளைக் கேட்டால் சிரிப்பீர்கள்: தேங்காய்த் தண்ணீர். இன்றும் பல ஆய்வுக்கூடங்களின் குளிர்பெட்டியில் அது இருக்கிறது. பிறகு 1957-இல் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலைத் தண்டின் உட்சதையை வைத்து ஓர் அழகான உண்மையைக் கண்டார்கள். ஆக்சின் என்ற வளரூக்கி கூடினால் வேர் வரும். சைட்டோகைனின் கூடினால் குருத்து வரும். இரண்டும் சமமாக இருந்தால் உருவமற்ற சதைக் கட்டி வரும். இரண்டு பொருள்களின் விகிதத்தை மாற்றியே ஒரு திசுவிடம் ‘வேர் விடு’, ‘குருத்து விடு’ என்று சொல்லிவிடலாம்.

1962-இல் அதே ஸ்கூக்கும் அவருடைய மாணவர் முராஷிகேயும் வெளியிட்ட உப்புக் கலவைதான் ‘எம்.எஸ். ஊடகம்’. நான் ஐந்து வாரம் கலக்கப் பழகியது அதைத்தான். லிட்டருக்கு 30 கிராம் சீனி, உப்புகள், உயிர்ச்சத்துகள், சிறிது வளரூக்கி. அமிலத் தன்மையை 5.8-க்குக் கொண்டுவந்து, அகார் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். தீபாவளிக்கு அம்மா செய்யும் அகார்-அகார் நினைவுக்கு வரும். அந்த அகார் நமக்கு மட்டுமல்ல, காற்றில் மிதக்கும் எல்லாப் பூஞ்சண வித்துகளுக்கும் விருந்து. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஊடகத்தை 121 பாகை வெப்பத்தில், பெரிய பிரஷர் குக்கர் போன்ற ஆட்டோகிளேவில் 15 நிமிடம் வைத்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடும். ஆனால் செடியை அதில் வைக்க முடியாதே! வசம்பு வெந்துவிடும். பூஞ்சணம் சாக வேண்டும், செடி சாகக்கூடாது. நான் முதல் தடவை கிழங்கைக் குழாயில் கழுவி, 20 விழுக்காடு குளோராக்ஸில் 15 நிமிடம் ஊறவைத்து, மூன்று முறை தூய நீரில் அலசினேன். மற்றவர்கள் இலைத் துண்டுக்குச் செய்வதும் அதுதான். ஆனால் இலை காற்றில் இருப்பது. கிழங்கு சேற்றில் கிடப்பது. அதன் ஒவ்வொரு கணுவிலும் பழைய இலையுறை, மயிர்வேர், அவற்றின் மடிப்பில் மண்.

இரண்டாம் முறை மேல்தோலைச் சீவினேன். ஓடும் நீரில் ஒரு மணி நேரம், பூஞ்சணக் கொல்லியில் அரை மணி, பிறகு 30 விழுக்காடு குளோராக்ஸ், அதன்பின் தோலை இன்னும் சீவி மறுபடி 10 விழுக்காடு. ஒரு வாரம் எல்லாம் தெளிவாக இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டேன். பத்தாம் நாள் துண்டுகளின் அடியில் பால் சிந்தியதுபோல் ஒரு வளையம். பாக்டீரியா. இது வெளியே ஒட்டியிருந்ததல்ல, கிழங்கின் திசுவுக்குள்ளேயே குடியிருந்தது. குளோராக்ஸ் எட்டாத இடம். சில துண்டுகள் மருந்து தாங்காமல் வெளுத்துச் செத்தும் போயின.

மூன்றாம் முறைக்கு வழி சொன்னவர் கக்தான். “கிழங்கோடு ஏன் சண்டை போடுகிறாய்? சுத்தமான மணலில் நட்டு வை. வெள்ளைக் குருத்து மேலே வரும். அதன் நுனியை மட்டும் எடு.” நான்கு வாரம் காத்திருந்தேன். புதுக் குருத்து சேற்றைப் பார்த்ததே இல்லை. அதன் நுனியில் வளரும் திசு, உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாவைவிட வேகமாக ஓடுகிறது. 40 போத்தல் வைத்தேன். 11 சுத்தமாக நின்றன.

11 என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். சைட்டோகைனின் சேர்த்த ஊடகத்தில் ஒவ்வொரு குருத்தின் அடியிலும் ஐந்து வாரத்தில் சராசரியாக மூன்று குருத்துகள் கிளைத்தன. பிரித்து நட்டால் 33, பிறகு 99, பிறகு 297. இது கணக்கு. கைதவறி விழுந்தவை, மறுபடி பூஞ்சணம் பிடித்தவை எல்லாம் போக என் கையில் மிஞ்சியது 212. செமஸ்டர் விடுமுறையிலும் பேருந்து பிடித்து வந்து பார்த்த செடிகள்.

அவற்றில் 40-ஐ வேர் விட வைத்து, பெருமையோடு வெளியே எடுத்துத் தொட்டியில் நட்டு வெயிலில் வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பும்போது 40-உம் தலை சாய்ந்திருந்தன. போத்தலுக்குள் காற்றே ஈரம். அங்கே வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு சரியாக இராது; இலைத்துளைகளுக்கு மூடிக்கொள்ளத் தெரியாது. அடுத்த தொகுதியில் வேரிலிருந்த அகாரைக் கழுவி, பிளாஸ்டிக் மூடி போட்டு நிழலில் வைத்து, மூடியை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் திறந்தேன். பெரும்பாலானவை பிழைத்தன.

இந்த நிலையில்தான் மேற்பார்வையாளர் என்னை அழைத்தார். போத்தல்களைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். பிறகு ஒரு கேள்வி: “இது எந்த வசம்பு?”

பாட்டி வீட்டு வசம்பு என்றேன். அவர் சிரிக்கவில்லை. “நீ 200 நகல் எடுத்திருக்கிறாய். மூலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாயா?”

மூலத்தைப் படிக்காமல் நகல் எடுப்பதன் விலை என்ன என்பதற்கு அவர் சொன்ன கதை, நான் தினம் பேருந்துச் சன்னலில் பார்த்துக்கொண்டு வந்த மரத்தின் கதை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் போடப்பட்டது எங்கள் பக்கத்தில்தான், பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமாரம் தோட்டத்தில். போட்டவர் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்காலத்தில் மலாயாத் தோட்ட வாழ்க்கையைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்றவர். (நம் தாத்தா பாட்டிகள் வேலை செய்த மண்ணைப் பற்றிய அந்த நாவல் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்!) இவ்வட்டாரத் தோட்டங்கள் நம்பியிருந்த ‘டெலி டூரா’ வகையின் வேரைத் தேடிப் போனால், 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நட்ட நான்கே நான்கு மரங்களில் போய் முடியும்.

விதையால் வளரும் செம்பனையில் பிள்ளைகள் ஒன்றுபோல் இராது. அதனால் 1970-களில், நன்றாகக் காய்க்கும் மரத்தைத் திசு வளர்ப்பால் நகலெடுக்கத் தொடங்கினார்கள். கன்றுகள் அழகாக வளர்ந்தன. தோட்டத்தில் நட்டுச் சில ஆண்டு கழித்துப் பூத்தபோதுதான் தெரிந்தது: சில மரங்களின் பழத்தைச் சுற்றி ஆறு சிறகுபோல் சதை முளைத்து, குலை பழுக்காமலே வீணானது. ‘மேண்டில்’ என்ற குறை. கன்றாக இருக்கும்போது பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நட்டு, உரம் போட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் தெரியும்.

காரணம் 2015-இல்தான் துலங்கியது. பாங்கியில் இருக்கும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் மெய்லினா ஓங்-அப்துல்லாவும் குழுவினரும், அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். மரபணு எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. பூவின் அமைப்பைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவின் நடுவே, இடம் தாவும் இயல்புள்ள டிஎன்ஏ துண்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மெத்தில் என்ற இரசாயனப் பூட்டு அதை அடக்கி வைத்திருக்கும். போத்தலுக்குள் வளரும் காலத்தில் அந்தப் பூட்டு கழன்றுவிட்டால் பூ தடம் மாறுகிறது. அந்தத் துண்டுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் ‘கர்மா’. பூட்டு கழன்ற நிலைக்கு அவர்களே சூட்டிய பெயர் ‘கெட்ட கர்மா’! நான் கற்பனை செய்யவில்லை, கட்டுரையிலேயே இருக்கிறது. இன்று ஒரு துண்டு இலையைச் சோதித்தே, கன்றை நடுவதற்கு முன் குறையைக் கண்டுவிட முடியும்.

ஆக, நகல் எடுக்கும்போது இரண்டு ஆபத்து. நகலெடுக்கும் வேலையிலேயே புதுப் பிழை நுழையலாம். அல்லது மூலத்தில் இருக்கும் குறையே அப்பழுக்கில்லாமல் 200 தடவை அச்சாகலாம். என் வசம்பின் சிக்கல் இரண்டாவது.

வசம்பு எண்ணெயில் ‘பீட்டா-அசரோன்’ என்றொரு பொருள் இருக்கிறது. வட அமெரிக்காவின் இருமடி வகையில் அது இல்லை. ஆசியாவின் நான்மடி வகையில் எண்ணெயின் பெரும்பகுதி அதுவே. எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது குடலில் கட்டிகள் உண்டானதால், அமெரிக்கா 1968-இலேயே உணவில் வசம்பைச் சேர்ப்பதைத் தடை செய்துவிட்டது. பாட்டியிடம் இன்னொரு கைப்பிடிக் கிழங்கு வாங்கி வந்து, நீராவியில் எண்ணெய் வடித்து, கேஸ் குரோமட்டோகிராபிக் கருவியில் கொடுத்தோம். தாளில் ஒரே ஒரு முகடு மற்ற எல்லாவற்றையும் குட்டையாக்கிக்கொண்டு நின்றது. அது எது என்று சொல்லத் தேவையில்லை.

ஆய்வுக்கு அது நல்ல முடிவுதான். அறிக்கையில் ஓர் அத்தியாயமே கூடியது. ஆனால் அந்த வாரம் அக்காளுக்குக் குழந்தை பிறந்து 20 நாள். தாளைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீட்டுக்குப் போனது இன்னும் நினைவிருக்கிறது. பாட்டி ஏற்கெனவே கிழங்கைச் சுட்டு வைத்திருந்தார்.

நான் சொன்னேன். பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “உங்கம்மாவோட சேர்த்து அஞ்சு பேருக்குக் குடுத்தேன். லயத்துல எத்தன புள்ளைங்களுக்குக் குடுத்தேன்னு கணக்கே இல்ல. எல்லாம் செத்தா போச்சு?” என்றார். அதற்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை. ஒரு தடவு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும், எலிக்கு நாள் தவறாமல் கொடுத்ததற்கும் வித்தியாசம் உண்டு என்பதும் உண்மை. பச்சைக் குழந்தைக்கு எவ்வளவு பாதுகாப்பானது என்று அளந்து சொல்ல முடியாத ஒன்றை நாக்கில் வைக்கக்கூடாது என்பதும் உண்மை. தோட்டத்தில் கிளினிக் தூரமாக இருந்த காலத்தில் அவர் கையில் இருந்தது அது ஒன்றுதான். அக்காள் வீட்டிலிருந்து கிளினிக் பத்து நிமிடம். குழந்தையின் வயிறு உப்பினால் அங்கே போவது என்று அக்காள் முடிவெடுத்தாள். பாட்டி தடுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. எஸ்பிஎம்மில் உயிரியலும் வேதியியலும் இருந்தால் பாதை திறந்திருக்கிறது. பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது, செர்டாங்கில் யுபிஎம் இருக்கிறது. மூலிகை, காட்டு மரம் என்றால் கெப்போங்கில் ஃப்ரிம். அகில் தரும் காராஸ் மரம் காட்டில் அருகி, 1995 முதல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அத்தகைய மரங்களுக்குத் திசு வளர்ப்பு வெறும் வியாபாரம் அல்ல. இரசாயனத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். போத்தலில் செடி வளர்க்க ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். அந்தச் செடிக்குள் என்ன இருக்கிறது என்று அளக்கத் தெரிந்தவர்தான் அங்கே குறைவு. பெயரிடாத போத்தல் ஒன்றைக்கூட அலமாரியில் வைக்காதீர்கள் என்பது கக் சொன்னது. தாய்ச்செடி எங்கே, யார் வீட்டில், எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதி ஒட்டாமல் அவர் யாருக்கும் வளர்ப்பறைச் சாவியைக் கொடுத்ததில்லை.

பிழைத்த செடிகளில் பத்தைப் பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மருந்துக்கு இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தேன். வசம்பின் மணம் பூச்சிக்கு ஆகாது. காய்ந்த துண்டை அரிசி வாளியில் போட்டால் வண்டு அண்டாது என்பதும் அவர் வழக்கம்தான். பின்கட்டில் உட்கார்ந்து ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி, மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

“வாசம் மாறல” என்றார். பிறகு பத்துச் செடியையும் ஒன்றுபோலவே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கிள்ளி மோந்து பார்க்கத் தொடங்கினார்.